களத்துத் தேரும் வீதித் தேரும்

சங்க இலக்கியத்தின் முல்லைப் பாடல்களில் தேருக்குத் தனியிடம் உண்டு. வேந்தனின் பாசறையில் வினை முடித்த தலைவன், மழைக்காலத் தொடக்கத்தில் இல்லம் நோக்கித் திரும்புகின்றான். தேரை விரைந்து செலுத்துமாறு பாகனை வேண்டுகின்றான். பகைவர் முன் சென்ற தேரே, மனைவி காத்திருக்கும் வாயிலிலும் வந்து நிற்கின்றது. களத்திற்கும் வழிக்கும் ஒரே ஊர்தி என்னும் இக்காட்சி தமிழ் பயில்வோர் அனைவரும் அறிந்ததே.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மோட்டார் உலகிலும் இத்தகைய ஆவல் மேலோங்கியது. ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஓடி வெல்ல வேண்டும். திங்கட்கிழமை அலுவலகத்திற்கும் கொண்டு சேர்க்க வேண்டும். இவ்விரு பணிக்கும் உரியதாகப் போற்றப்பட்டதே 'ஸ்போர்ட்ஸ் கார்' எனப்படும் விரைவுக் கார். ஒன்றோடொன்று போட்டியிட்ட இக்கார்களுள் அன்றாடச் சாலைக்கு ஏற்றது எது என்னும் வினா, செல்வர் சிலரின் பொழுதுபோக்கு வினாபோல் தோன்றலாம். ஆயினும் அதன் வரலாற்றைத் தொடர்ந்து சென்றால், சாலை யாருக்கு உரியது என்னும் பெருவினாவில் அது கொண்டுபோய் நிறுத்தும். அவ்வரலாற்றின் சில ஏடுகள் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் எழுதப்பட்டவை.

மூன்று கார்கள்

இரண்டாம் உலகப் போர் 1945-ஆம் ஆண்டில் முடிவுற்றபோது பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது. அயல்நாட்டுச் செலாவணியை ஈட்டும் பொருட்டு, ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கே உருக்கு முன்னுரிமையோடு வழங்கப்பட்டது. அதனால் ஆங்கிலேய விரைவுக் கார்கள் அமெரிக்காவிற்கும் குடியேற்ற நாடுகளுக்கும் கப்பலேறின. மலாயாவிற்கும் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தவற்றுள் மூன்று கார்கள் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, 1945-இல் வெளிவந்த எம்ஜி டிசி. அதன் எஞ்சின் 1,250 கன சென்டிமீட்டர் அளவினது. ஆற்றல் 54 குதிரைச் சக்தி மட்டுமே. மெல்லிய கம்பிச் சக்கரங்களும் மடக்குக் கூரையும் கொண்ட இச்சிறு கார், வேகத்தினும் கைக்கு அடங்கும் இயல்பினாலேயே விரும்பப்பட்டது. இரண்டாவது, 1948-ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் உலகை வியக்கவைத்த ஜாகுவார் எக்ஸ்கே 120. அதன் ஆறு சிலிண்டர் எஞ்சின் 3.4 லிட்டர் அளவும் 160 குதிரைச் சக்தியும் உடையது. பெயரிலுள்ள எண்ணே அதன் வேகம். மணிக்கு 120 மைல், அஃதாவது ஏறத்தாழ 193 கிலோமீட்டர். மூன்றாவது, 1953-இல் பிறந்த டிரையம்ஃப் டிஆர்2. ஆற்றல் 90 குதிரைச் சக்தியே ஆயினும் மணிக்கு 100 மைலைத் தாண்டக் கூடியது. பெட்ரோலையும் சிக்கனமாகச் செலவிட்டது.

டிஆர்2 காரின் எஞ்சின் வரலாறு சுவையானது. ஸ்டாண்டர்டு வேன்கார்டு என்னும் குடும்பக் காருக்கென அமைந்த எஞ்சினே, இரண்டு லிட்டர்ப் பந்தயப் பிரிவுக்குள் அடங்குமாறு 1,991 கன சென்டிமீட்டராகக் குறைக்கப்பட்டு இதில் பொருத்தப்பட்டது. அவ்வெஞ்சின் குடும்பத்தின் மற்றொரு கிளை பெர்குசன் டிராக்டரில் வயலை உழுதது. உழவனுக்கு உதவிய எஞ்சினின் உடன்பிறப்பு, 1954-ஆம் ஆண்டு மக்காவ் நகரத் தெருக்களில் நடந்த முதல் கிராண்ட் பிரீ பந்தயத்தில் எடுவார்டோ டி கார்வால்யோ ஓட்டிய டிஆர்2 காரில் வெற்றி வாகை சூடியது. உறுதியும் எளிமையும் உடையது நெடுந்தொலைவு ஓட்டத்தில் நிலைத்து நிற்கும் என்பதற்கு இதுவே தக்க சான்று.

இக்கார்களை வாங்கக் கூடியவராய் மலாயாவில் இருந்தோர் ஆங்கில அதிகாரிகளும் தோட்ட நிர்வாகிகளும் செல்வம் படைத்த வணிகருமே ஆவர். ஆனால், அவை ஓடிய சாலைகளுக்கு வேறொரு வரலாறு உண்டு. காட்டை வெட்டி, கல்லுடைத்து, கொதிக்கும் தார் ஊற்றி மலாயாவின் சாலைகளை அமைத்தவருள் பொதுப்பணித் துறையின் தமிழ்த் தொழிலாளர் மிகப் பலர். பினாங்குத் தீவிலும் சுங்கை பினாங் ஆற்றோரக் குடியிருப்புகளிலிருந்தும் ஜெலுத்தோங் பகுதியிலிருந்தும் ஜார்ஜ் டவுனுக்கு வேலைக்குச் சென்ற எளிய மக்கள், நடந்தும் மிதிவண்டியிலும் பேருந்திலுமே சென்றனர். ஜார்ஜ் டவுன் தெருக்களில் டிராலி பஸ்கள் 1961 வரை ஓடின. சாலையைப் போட்டவனும் அதில் நடந்தவனும் ஒருவன். அதில் பறந்தவன் மற்றொருவன். இவ்வேறுபாட்டை மறந்து விரைவுக் கார்களின் பெருமையை மட்டும் பேசுவது பாதி வரலாறே ஆகும்.

வழிகள் பிரிந்த ஆண்டு

சிங்கப்பூரின் அப்பர் தாம்சன் சாலையில் 1961-ஆம் ஆண்டில் முதல் கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. சுற்றுப்பயணிகளை ஈர்க்கும் நோக்கோடு நடத்தப்பட்ட அப்பந்தயத்தில் இயன் பார்ன்வெல் என்பவர், பந்தயத்திற்கென்றே கட்டப்பட்ட ஆஸ்டன் மார்ட்டின் டிபி3எஸ் காரில் வென்றார். அடுத்த ஆண்டு அப்பந்தயம் மலேசிய கிராண்ட் பிரீ எனப் பெயர் பெற்றது. அதில் வென்றவர் யோங் நாம் கீ. அவர் ஓட்டியது ஜாகுவார் இ-டைப்.

இ-டைப் கார் 1961-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜெனீவாவில் அறிமுகமானது. 3.8 லிட்டர் எஞ்சின், 265 குதிரைச் சக்தி, நான்கு சக்கரங்களிலும் தட்டு பிரேக்குகள், பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே ஏறியிறங்கும் தாங்கமைப்பு ஆகியவை அதன் சிறப்புகள். பணம் கொடுத்து விற்பனைக் கூடத்தில் எவரும் வாங்கக்கூடிய வகையைச் சேர்ந்த அக்கார், ஒரு நாட்டின் பெயர் தாங்கிய பந்தயத்தில் வென்றது. களத்துத் தேரும் வீதித் தேரும் ஒன்றே என்னும் கனவு நிறைவேறிய நாள் அது எனலாம்.

அக்கனவு நீடிக்கவில்லை. 1963-இல் ஆல்பர்ட் பூன் லோட்டஸ் 23 காரில் வென்றார். 1965-இலும் அவரே அவ்வகைக் காரிலேயே வென்றார். 1966-இல் லீ ஹான் செங் வென்ற லோட்டஸ் 22 காரிலோ இருக்கை ஒன்றே ஒன்றுதான். ஜாகுவாரின் பேராற்றலைச் சிறிய லோட்டஸ் எவ்வாறு வென்றது? விடை எடையில் உள்ளது. இ-டைப் ஏறத்தாழ 1,200 கிலோ எடையுள்ளது. லோட்டஸ் 23 அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியதே. எடை குறையுமாயின் சிறிய எஞ்சினே விரைவைத் தரும். பிரேக் எளிதில் பிடிக்கும். வளைவில் டயர் தாங்க வேண்டிய சுமையும் குறையும். லோட்டஸ் நிறுவனத்தை உருவாக்கிய காலின் சாப்மன் தம் வாழ்நாள் முழுதும் பற்றி நின்ற நெறி இதுவே.

ஆயினும் லோட்டஸ் 23 சாலைக்குரிய கார் அன்று. பெயருக்கு இரண்டு இருக்கைகள் உண்டு, கூரை இல்லை, பெட்டி வைக்கத் தக்க இடமில்லை, தரையை உரசும் தாழ்வு வேறு. பந்தயத்தில் வெல்லும் கார் வீதிக்கு உதவாது, வீதிக்கு உதவும் கார் பந்தயத்தில் வெல்லாது என்னும் நிலை அன்று உருவாயிற்று. அதன்பின் சாலைக்கென விற்கப்பட்ட விரைவுக் கார் ஒவ்வொன்றும் இரு நோக்கங்களுக்கிடையே செய்துகொண்ட ஓர் உடன்பாடே ஆகும்.

சாலை கேட்ட விலை

அப்பர் தாம்சன் சாலை பந்தயத்திற்கென அமைந்ததன்று. மற்ற நாட்களில் பேருந்தும் பாரவண்டியும் பள்ளி மாணவரும் சென்ற பொதுச் சாலையே அது. ஓரத்தில் மழைநீர் வடிகாலும் விளக்குக் கம்பங்களும் மரங்களும் நின்றன. அதன் வளைவு ஒன்றிற்கு 'சாத்தான் வளைவு' என்று பெயரிட்டிருந்தனர். கார்களின் விரைவு ஆண்டுதோறும் வளர்ந்தது. சாலையின் அகலம் வளரவில்லை. 1972, 1973 ஆகிய இரு ஆண்டுகளிலும் பந்தயத்தில் ஓட்டுநர் உயிரிழந்தனர். 1973-ஆம் ஆண்டோடு அப்பந்தயம் நிறுத்தப்பட்டது. 2008-இல் மரினா பே பகுதியில், இருபுறமும் தடுப்புகள் அமைத்த தடத்தில், வேறு வடிவில்தான் அது மீண்டது.

தீபகற்பத்தில் இப்படிப்பினையை ஒட்டிய மாற்றம் முன்னரே தொடங்கியிருந்தது. ஷா ஆலாமை அடுத்த பத்து தீகாவில் 1968-இல் தனிப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. 1999-இல் சிப்பாங் தடம் 5.543 கிலோமீட்டர் நீளத்தில் எழுந்தது. அங்கே 1999 முதல் 2017 வரை பார்முலா ஒன் பந்தயங்கள் நடைபெற்றன. வழி தவறும் கார் ஓடி அடங்குவதற்கென விரிந்த வெளியும், காத்து நிற்கும் மருத்துவக் குழுவும் தனித் தடத்தில் உண்டு. பொதுச் சாலையில் வழி தவறும் காரின் எதிரே இருப்பது மற்றொரு மனிதன். கார்கள் பிரிந்ததைப் போலவே களமும் வீதியும் பிரிய வேண்டியிருந்தது.

சோழவரத்தின் சான்று

சென்னையின் வரலாறு வேறு வகையானது. 1953-இல் தொடங்கப்பட்ட சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம், நகருக்கு வடக்கே சோழவரத்தில் இருந்த போர்க்கால விமான ஓடுதளத்தைப் பந்தயக் களமாக்கியது. அக்காலத்தில் அயல்நாட்டுக் கார் இறக்குமதிக்கு இந்தியாவில் கடுங்கட்டுப்பாடு நிலவியது. எனவே ஜாகுவாரா, லோட்டஸா என்னும் வினா அங்கே பெரும்பாலோர்க்கு எழவில்லை. அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றனுள் எதைத் தேர்வது என்பதே நடைமுறை வினா.

இவற்றுள் ஹெரால்டு, சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தால் 1961 முதல் உருவாக்கப்பட்டது. மலாயாவிலும் மக்காவிலும் ஓடிய டிரையம்ஃப் குடும்பத்தின் உறுப்பே அது. அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கியே இங்கிலாந்தில் 1962-இல் ஸ்பிட்பயர் என்னும் விரைவுக் காரைப் படைத்தனர். ஆகவே, தமிழகத்து மருத்துவரும் வழக்கறிஞரும் பயன்படுத்திய குடும்பக் கார், ஒரு விரைவுக் காரின் உடன்பிறப்பு. சோழவரத்துப் பந்தயக்காரர்கள் பியட்டையும் ஹெரால்டையும் பட்டறையில் பிரித்து, தேவையற்ற எடையைக் களைந்து, எஞ்சினைச் செம்மைப்படுத்தி ஓட்டினர். வறுமை அங்கே ஒரு நல்லாசிரியனாக அமைந்தது எனலாம். வாங்கிய ஆற்றலால் அன்றி, அறிந்த தொழில்நுட்பத்தால் வெல்ல அவர்கள் கற்றனர்.

1990-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் அமைந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், மாருதி எஞ்சினைக் கொண்டு மலிவான ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கி இளைஞர்க்கு வழி திறந்தார். அதே கோவையில் தோன்றிய நரேன் கார்த்திகேயன் 2005-ஆம் ஆண்டில் பார்முலா ஒன் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரானார்.

அன்றாடச் சாலையின் அளவுகோல்

பந்தயத்திலிருந்து பிரிந்தபின், சாலைக்குரிய விரைவுக் கார்களை எவ்வாறு மதிப்பிடுவது? இதற்கும் அக்கார்களின் வரலாறே விடை தருகின்றது. எக்ஸ்கே 120 காரின் டிரம் பிரேக்குகள், தொடர்ந்து அழுத்தினால் சூடேறிப் பிடிமானம் இழந்தன. 193 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வல்லது, அதற்கேற்ப நிற்க வல்லதாக இல்லை. முதல் இ-டைப் கார்களில் முதல் கியரை மாற்றுவது கடினம், இருக்கைகளும் வசதியற்றவை, நெரிசலில் எஞ்சின் கொதித்தது. 1964-இல் ஜாகுவார் நிறுவனமே எஞ்சினை 4.2 லிட்டராக்கியதோடு கியர்ப் பெட்டியையும் இருக்கையையும் பிரேக்கையும் மாற்றியது. ஆற்றல் பெருகவில்லை, பழகும் எளிமையே பெருகியது. அன்றாடச் சாலை என்னும் ஆசிரியர், புகழ்பெற்ற மாணவரையும் திருத்தி எழுதவைத்தார்.

ஜெர்மனியின் போர்ஷே 911 கதையும் இத்தகையதே. 1963-இல் பிராங்பர்ட் கண்காட்சியில் தோன்றிய அக்காரில் பின்புறம் சிறு இருக்கைகளும் முன்புறம் பெட்டிக்குரிய இடமும் இருந்தன. அதனால் நாள்தோறும் பயன்பட்டது. ஆனால், எஞ்சின் பின்சக்கரங்களுக்கும் பின்னே இருந்தமையால், வளைவின் நடுவே ஓட்டுநர் திடுக்கிட்டு விசையிலிருந்து காலை எடுத்தால் காரின் வால் வெளியே வீசும். 1968-இல் முன்பின் சக்கரங்களின் இடைவெளியை 57 மில்லிமீட்டர் நீட்டி அக்குறையைத் தணித்தனர்.

ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1990-இல் என்எஸ்எக்ஸ் காரைக் கொண்டுவந்தபோது இத்துறையில் ஒரு திருப்பம் நேர்ந்தது. அலுமினிய உடல், 270 குதிரைச் சக்தி ஆகியவற்றால் இத்தாலியின் பெராரிக்கு அது போட்டியானது. எனினும் அதன் தனிச்சிறப்பு வேறு: நாற்புறமும் தெளிவாகத் தெரியும் பார்வை, குளிரூட்டும் வசதி, பழுதின்றி ஓடும் நம்பகம். விரைவுக் கார் என்றாலே தொல்லைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணத்தை அது மாற்றியது.

பினாங்கு போன்ற இடத்தில் இந்த அளவுகோல் இன்னும் கடுமையாகின்றது. ஆண்டு முழுதும் வெயில். மாலையில் கொட்டும் மழை. வெள்ளம் தேங்கும் தாழ்ந்த தெருக்கள். குடியிருப்புகளில் வேகத்தடை மேடுகள். பாலேக் பூலாவுக்குச் செல்லும் மலைப்பாதை வளைவுகள். இங்கே தரையை ஒட்டித் தாழ்ந்த கார் மேட்டில் உரசும். அகன்ற டயர் தேங்கிய நீரின்மேல் மிதந்து பிடியை இழக்கும். ஆகவே, வாங்க நினைப்பவர் உச்ச வேகத்தை அன்று, பார்வை, பிரேக், மழைப் பிடிமானம், வெப்பத்தைத் தாங்கும் திறன், உதிரிப்பாகம் கிடைக்கும் நிலை ஆகிய ஐந்தையே முதலில் நோக்க வேண்டும்.

கைமாறிய பெயர்கள்

இவ்வரலாற்றில் காலம் செய்த விந்தை ஒன்றும் உண்டு. மலேசியாவின் புரோட்டோன் சாகா 1985-இல் வெளிவந்தது. பினாங்குப் பாலம் திறக்கப்பட்டதும் அவ்வாண்டிலேதான். அதன்பின் பதினோராண்டில், 1996-இல், லோட்டஸ் நிறுவனம் புரோட்டோனின் உடைமையாயிற்று. 2008-இல் ஜாகுவார் இந்தியாவின் டாட்டா நிறுவனத்திடம் வந்தது. எம்ஜி என்னும் பெயர் சீனருக்கு உரியதாயிற்று. 2017-இல் லோட்டஸின் பெரும்பங்கும் புரோட்டோனின் ஏறத்தாழச் சரிபாதியும் சீனாவின் ஜீலி நிறுவனத்தைச் சேர்ந்தன. குடியேற்ற நாடுகளுக்குக் கப்பலேறி வந்த பெயர்கள், பின்னர் ஆசியர் கையெழுத்திட்ட ஆவணங்களில் இடம்பெற்றன.

லோட்டஸின் எலீஸ் கார் 1996-இல் ஏறத்தாழ 725 கிலோ எடையில் வந்து சாப்மன் நெறியைப் புதுப்பித்தது. ஆனால் மலேசிய மக்களுக்கு லோட்டஸ் தந்த பெரும்பயன் அதுவன்று. சாலைப் பிடிமானத்தையும் தாங்கமைப்பையும் பற்றி லோட்டஸ் பொறியாளர் பெற்றிருந்த அறிவு, புரோட்டோனின் சாதாரணக் கார்களிலும் சத்ரியா ஜிடிஐ என்னும் சிறு விரைவுக் காரிலும் புகுந்தது. களத்தில் கற்ற கல்வி வீதிக்கு வந்து சேர்வதற்கு இதனினும் சிறந்த வழி வேறில்லை. 2002-இல் மலேசியரான கரம்ஜித் சிங், புரோட்டோன் காரில் உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலி பட்டத்தை வென்றமையும் இங்கு நினைக்கத்தக்கது.

பாகனின் கடமை

மலேசிய விரைவுச் சாலைகளில் மிகுந்த அளவு மணிக்கு 110 கிலோமீட்டர். பினாங்குப் பாலத்தில் 80. அந்த 80-இல்கூட, ஓட்டுநர் ஒரு நொடி கவனம் சிதறினால் கார் 22 மீட்டர் கடந்துவிடும். வேகம் இருமடங்கானால் காரில் அடங்கிய இயக்க ஆற்றல் நான்மடங்காகும். பிரேக் பிடித்து நிற்கும் தொலைவும் நான்மடங்காகும். இது எந்த நிறுவனத்தின் பெயருக்கும் வளைந்து கொடுக்காத இயற்கை விதி. 2019-ஆம் ஆண்டில் மட்டும் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் உயிரிழந்தனர். நாட்டின் சாலைகளில் இறப்போருள் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளரும் படிக்கச் செல்லும் இளைஞரும் அவர்களுள் அடங்குவர்.

அகநானூற்றின் நான்காம் பாடலில் ஒரு தலைவன் வருகின்றான். இல்லம் சேரும் விரைவு அவனுக்கும் உண்டு. ஆயினும் வழியோரப் பூஞ்சோலையில் துணையோடு தங்கிய வண்டுகள் மணியோசையால் அஞ்சுமே என்று, தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகின்றான். குறுங்குடி மருதனார் காட்டும் அத்தலைவனின் தேர் விரைவு குன்றியதன்று. பாகனின் நெஞ்சம் பண்பு குன்றாதது.

அன்றாடச் சாலைக்கு ஏற்ற விரைவுக் கார் எது என்னும் வினாவுக்கு வரலாறு தரும் விடை இதுவே: தெளிவாகப் பார்க்கவும், நினைத்த இடத்தில் நிற்கவும், மழையிலும் வெயிலிலும் தளராமல் செல்லவும் உதவுவதே ஏற்றது. உச்ச வேகத்தைச் சோதிக்க விரும்புவோர்க்குத் தனித் தடங்கள் உண்டு. சாலையோ, அதைப் போட்டவனின் பேரனும் நடந்து கடக்கும் இடம்.